பழைய இரும்பில் அசையும் சிற்பம்: எங்கிருந்து தொடங்குவது?

செல்வி (ராஜபாளையம்)

எல்லோருக்கும் வணக்கம். நான் பள்ளியில் ஓவிய ஆசிரியை. எங்கள் பள்ளியின் பின்பக்க அறையில் பல வருடத்துப் பழைய சாமான் குவிந்து கிடக்கிறது. துருப்பிடித்த சைக்கிள்கள், ஒரு டேபிள் ஃபேன், கால்மிதி தையல் மிஷின், உடைந்த பெஞ்சுகளின் இரும்புக் கால், கிழிந்த குடைகள், ஒரு மூட்டை சிடி. கழிவுப் பட்டியலில் சேர்த்து, எடுத்துக்கொள்ள அனுமதியும் வாங்கியாகிவிட்டது. காயலான் கடைக்குப் போவதற்கு முன்னால் அதிலிருந்து பிள்ளைகளோடு சேர்ந்து ஏதாவது செய்துவிட வேண்டும் என்று ஆசை.

சும்மா நிற்கிற சிலை வேண்டாம். அசைய வேண்டும். மயில் தோகை விரித்து மூடுவது மாதிரி ஒன்று மனதில் இருக்கிறது. வாசலுக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறோம். என் கேள்விகள்: மோட்டார் வைப்பதா, காற்றில் ஓடவிடுவதா? எனக்கு வரையத் தெரியும், இயந்திரம் தெரியாது. முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? பிள்ளைகள் கை வைப்பார்கள், அதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

பல்சக்கரம்

டீச்சர், மயிலை வரைந்து வைத்துக்கொண்டு அதற்கேற்ற சாமானைத் தேடாதீர்கள். அப்படித் தொடங்கினால் கடைசியில் புது இரும்பு வாங்கி வெட்டிப் பற்றவைத்துக்கொண்டு இருப்போம். பழைய சாமானில் செய்வதன் அருமையே போய்விடும்.

இருக்கிற எல்லாவற்றையும் தரையில் பரப்பி வையுங்கள். ஒவ்வொன்றையும் கையால் சுற்றி, இழுத்து, ஆட்டிப் பாருங்கள். அதற்கு என்ன அசைவு ஏற்கெனவே தெரியும் என்று பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லுங்கள். டேபிள் ஃபேனின் பின்மண்டையைத் திறந்தால் சின்ன கியர் பெட்டி இருக்கும். மோட்டாரின் வேகச் சுழற்சியைக் குறைத்து, மெதுவாக இடம் வலமாகத் தலையாட்ட வைப்பது அதுதான். தையல் மிஷின் மேலும் கீழும் குத்தும், ஆனால் ஊசித் தண்டின் ஓட்டம் மூன்று சென்டிமீட்டர் அளவுதான், அதனால் குருவி கொத்துவதற்கு ஆகும், தோகைக்கு ஆகாது. சைக்கிளின் ஃப்ரீவீல், அதாவது பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல் சக்கரம், ஒரு பக்கம் சுற்றினால் பிடிக்கும், மறுபக்கம் சுற்றினால் டிக் டிக் என்று சும்மா ஓடும்.

உங்கள் பட்டியலில் குடை என்று ஒரு வார்த்தை போகிற போக்கில் இருக்கிறது. உங்கள் மயில் அங்கேதான் இருக்கிறது! நீளமான, மடிக்காத குடை. தண்டில் ஓடும் அந்தத் தள்ளியை மேலே தள்ளினால் எட்டு கம்பியும் விரியும், இறக்கினால் சுருங்கும். துணியைக் கிழித்துவிட்டுக் குடையைப் படுக்கை வசமாக, நுனி நம்மைப் பார்க்கிற மாதிரி நிறுத்துங்கள். கீழ்ப்பக்கக் கம்பிகளைக் கழற்றிவிட்டால் மேலே ஐந்து கம்பி மிஞ்சும். தோகை ஆயிற்று. தோகையின் கண்களுக்கு சிடி இருக்கிறது, ஒரு சிடி 15 கிராம்தான், வெயிலில் வண்ணம் காட்டும்.

இனி அந்தத் தள்ளியை முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். சைக்கிள் கிராங்கின், அதாவது பெடலைத் தாங்கும் இரும்புக் கையின் நீளம் பெரும்பாலும் 17 சென்டிமீட்டர். அது ஒரு முழுச் சுற்று சுற்றினால் முனையில் கட்டி, தள்ளியோடு சேர்க்கிற இணைப்புத் தண்டு 34 சென்டிமீட்டர் போய் வரும். அது உங்கள் குடைக்கு அதிகமாக இருந்தால் கிராங்கில் உள்ளே தள்ளி ஒரு துளை போட்டு அங்கே கட்டுங்கள். பெடலைத் தூக்கிப் போடாதீர்கள். அதற்குள் ஏற்கெனவே பேரிங் பால்ஸ் இருக்கிறது, இணைப்புத் தண்டைப் பெடலின் சட்டத்திலேயே போல்ட் போட்டுவிட்டால் தனியாக பேரிங் தேட வேண்டாம். இடதுபக்கப் பெடலின் மரை தலைகீழ் மரை, மற்ற போல்ட்டுக்கு எதிர்த் திசையில் சுற்றினால்தான் கழலும். இது தெரியாமல் முறுக்கி மரையைக் கெடுத்தவர்கள் நிறைய.

அந்த இணைப்புத் தண்டு குறைந்தது கிராங்கைப் போல் மூன்று மடங்கு நீளம் இருக்கட்டும். குட்டையாக இருந்தால் சாய்வு அதிகமாகி, தள்ளுவதற்குப் பதில் தண்டைப் பக்கவாட்டில் நெம்பும்.

கோவை லேத்

மோட்டார் வேண்டுமென்றால் பழைய காரின் வைப்பர் மோட்டார்தான் என் சிபாரிசு. 12 வோல்ட், ஷாக் பயம் இல்லை. உள்ளேயே வேகத்தைக் குறைக்கும் கியர் இருப்பதால் நிமிடத்திற்கு ஐம்பது சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும், இழுவையும் நல்ல இழுவை. உடைந்த கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ், அதாவது அதற்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி, கிடைத்தால் மஞ்சள் ஒயரில் 12 வோல்ட் வரும். பச்சை ஒயரைக் கறுப்போடு சேர்த்தால்தான் அது விழிக்கும்.

ஐம்பது சுற்றும் மயிலுக்கு அதிகம். பின்சக்கரத்து 18 பல் ஃப்ரீவீலில் மோட்டாரைக் கொடுத்து, முன்னால் 44 பல் சக்கரத்தில் கிராங்கை எடுத்தால் இருபதுக்கு வந்துவிடும். அதையும் பார்த்துவிட்டு, இன்னும் குறைக்க வேண்டும் என்று சொல்வீர்கள். எல்லோரும் சொல்வார்கள். வேகமாக ஓடுகிற எதையும் மனுசன் நின்று பார்ப்பதில்லை.

நிலாந்தன் (பாசல்)

செல்வி ரீச்சருக்கு வணக்கம். நான் சுவிசில் பாசல் நகரத்தில் இருக்கிறேன். நீங்கள் கேட்கிற வேலையைத் தன் வாழ்நாள் முழுக்கச் செய்த ஒரு ஆள் வளர்ந்த ஊர் இது. ஜான் டிங்கெலி. 1925-ல் ஃப்ரிபூரில் பிறந்தவர், 1991-ல் இறந்தார். சின்ன வயதில் காட்டு ஓடையில் தண்ணீர்ச் சக்கரங்கள் கட்டி, ஒவ்வொரு சக்கரமும் ஒரு சுத்தியலைத் தூக்கி டப்பாவில் தட்டுகிற மாதிரி செய்தாராம். பிறகு பெரிய ஆளாகியும் அதே வேலைதான்.

இங்கே நகரத்தின் நடுவில் அவர் 1977-ல் செய்த நீரூற்று இருக்கிறது. அந்த இடத்தில் முன்னர் நகர நாடக அரங்கு இருந்தது. அதை இடித்தபோது மேடையின் பழைய இயந்திர உறுப்புகளை எடுத்து, ஆழமில்லாத கறுத்த குளத்துக்குள் 10 உருவங்களை நிறுத்தினார். ஒன்று தண்ணீரை அள்ளி அள்ளி வீசும், ஒன்று சல்லடையால் வடிக்கும், ஒன்று தலையை ஆட்டிக்கொண்டு பீச்சும். ஒரு பிரயோசனமும் இல்லாத வேலையை அவ்வளவு கவனமாகச் செய்துகொண்டே இருக்கும். குறைந்த மின்னழுத்தத்தில்தான் ஓடுகிறது. கடும் குளிரில் தெறிக்கிற தண்ணீர் உறைந்து, இரும்பெல்லாம் பனிக்கட்டி கட்டித் தொங்கும்.

ரைன் நதிக்கரையில் அவருக்கென்றே ஒரு மியூசியம் 1996-ல் திறந்தார்கள். பொத்தானைக் காலால் அமர்த்தினால் இயந்திரம் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு நின்றுவிடும், திரும்ப ஓடக் காத்திருக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் தேய்ந்துபோகும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். ரீச்சர், உங்கள் மயிலுக்கும் இப்படி ஓய்வு வைப்பது நல்லது. யாராவது கேட்டால் மட்டும் ஓடட்டும்.

அவருடைய பேர் உலகம் முழுக்கப் போனது 1960-ல். மார்ச் 17 அன்று நியூயார்க் நவீன ஓவிய அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் ஒரு பெரிய இயந்திரத்தை நிறுத்தினார். சைக்கிள் சக்கரம், பியானோ, குளியல் தொட்டி, வானிலை பலூன் எல்லாம் சேர்ந்தது, பெரும்பாலும் நியூஜெர்சிப் பக்கம் குப்பைமேடுகளில் பொறுக்கியவை. பெல் ஆய்வகத்துப் பொறியாளர் பில்லி க்ளூவர் உதவி செய்தார். தானே தன்னை அழித்துக்கொள்கிற இயந்திரம் அது. 27 நிமிடம் ஓடியது. பியானோவில் தீப்பிடித்து, தீயணைப்பு வீரர் வந்து அணைக்க வேண்டி வந்தது.

கரிசல்காற்று

நிலாந்தன் சொன்னதை ரசித்துப் படித்தேன். ஆனால் அந்த 27 நிமிட இயந்திரம் எனக்கு ஒப்பவில்லை. ஓடுகிற பியானோவை, ஓடுகிற மோட்டாரை எடுத்து உடைப்பதற்காகவே கட்டுவது, நிறைய இருக்கிற ஊர்க்காரர்களின் விளையாட்டு. ஒரு பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி மறுபடியும் போட்டு ஓட்டுகிற ஊரில் பிள்ளைகளுக்கு அதை முன்மாதிரியாகக் காட்ட எனக்கு மனம் வராது.

எனக்குப் பிடித்த ஆள் வாலிஸ் சிம்ப்சன். அமெரிக்காவில் வட கரோலினாவில் லூகாமா என்ற சின்ன ஊர்க்காரர். கலைக்கல்லூரிப் பக்கம் போகாதவர். இயந்திரம் பழுது பார்ப்பது, வீடுகளைப் பெயர்த்து நகர்த்துவது, இதுதான் தொழில். இரண்டாம் உலகப்போரில் சைபான் தீவில் இருந்தபோது, நொறுங்கிய பி-29 விமானத்தின் உறுப்புகளை வைத்துக் காற்றாலையில் ஓடும் துணி துவைக்கும் மிஷின் செய்திருக்கிறார். தொழிலிலிருந்து ஓய்வு பெறுகிற வயதில் தன் பட்டறை ஓரத்து வயலில் காற்றாடிகளை நட ஆரம்பித்தார். சில 50 அடி உயரம். ஃபேன் இறக்கை, சைக்கிள் உறுப்பு, தெருப் பலகைகளில் இருக்கும் ஒளி திருப்பும் தகடு என்று கிடைத்ததெல்லாம் மேலே போனது. இரவில் கார் விளக்கு பட்டால் வயல் முழுக்க மின்னும். 2013-ல் 94 வயதில் இறந்தார். அதே வருடம் அந்த மாநிலம் அவர் காற்றாடிகளைத் தன் அதிகாரபூர்வ நாட்டுப்புறக் கலையாக அறிவித்தது. காற்றாடிகளை ஒவ்வொன்றாக இறக்கி, பழுது பார்த்து, வண்ணம் அடித்து, பக்கத்து வில்சன் நகரத்தில் 2017-ல் பூங்காவே திறந்தார்கள்.

காற்றுக்கு இன்னொரு நியாயமும் உண்டு. மோட்டார் ஒரே அசைவைத் திருப்பித் திருப்பிச் செய்யும், மூன்றாவது சுற்றில் எல்லாம் தெரிந்துவிடும். அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் முதலில் கைப்பிடியும் மோட்டாரும் வைத்துத்தான் அசையும் சிற்பம் செய்தார். அந்தத் திரும்பத் திரும்ப வருவது அலுத்துப்போய்த்தான் காற்றுக்கு மாறினார். டீச்சர், உங்கள் ஊர் மலையடிவாரம். கணவாய்ப் பக்கம் காற்று எடுக்கிற மாதங்களில் அதை வீணாக்காதீர்கள்.

மதுமிதா

சிற்பம் படித்தவள் என்ற முறையில் ஒரு சின்ன குறுக்கீடு. வண்ணம் பற்றி. செல்வி டீச்சர், தயவு செய்து எல்லாவற்றின் மேலும் நீலமும் பச்சையும் அடித்து மூடிவிடாதீர்கள். தூரத்திலிருந்து மயில், பக்கத்தில் வந்தால் குடைக்கம்பி, சைக்கிள் செயின், பெஞ்சுக் கால். பார்க்கிறவர் கண் இந்த இரண்டுக்கும் நடுவில் போய் வர வேண்டும். சைக்கிளில் ஒட்டியிருக்கும் எண், கம்பெனி முத்திரை, சீட்டுக்கடியில் யாரோ ஆணியால் கீறிய பெயர், இதெல்லாம் அப்படியே இருக்கட்டும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மேலே மங்கலான வார்னிஷ் ஒரு கோட் கொடுத்தால் போதும்.

சிம்ப்சன் வண்ணம் அடித்தார் என்பது உண்மைதான். அவர் ஐம்பது அடி உயரத்தில் வைத்தார். உங்களுடையது பிள்ளைகளின் மூக்குக்கு முன்னால் நிற்கப் போகிறது.

கரிசல்காற்று

மழையில் நிற்கிற இரும்புக்கு வண்ணம் அழகுக்காக மட்டும் இல்லையே, மதுமிதா. ரெட் ஆக்சைடு அடிக்காமல் இரண்டு ஐப்பசி தாங்காது.

மதுமிதா

அதற்குக் கூரை போடலாம். வாசல் தாழ்வாரத்துக்குள் வையுங்கள். வெளியில்தான் வைக்க வேண்டும் என்றால் அசையாத பாகத்துக்கு, அதாவது தாங்கி நிற்கும் சட்டத்துக்கு மட்டும் ரெட் ஆக்சைடும் ஒரே நிறப் பெயின்ட்டும் அடியுங்கள். அசைகிற பாகம் தன் நிறத்தில் இருக்கட்டும். எது ஓடுகிறது என்று கண் உடனே பிடித்துக்கொள்ளும், அதுவும் ஒரு லாபம்.

நிலாந்தன் (பாசல்)

கரிசல்காற்று அண்ணை, உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் டிங்கெலியை அந்த ஒரு இரவை வைத்து முடிவு கட்ட வேண்டாம். அவர் குப்பைமேட்டிலிருந்து எடுத்தவற்றைத்தான் உடைத்தார். அதோடு, அவருடைய பிற்கால வேலை ஒன்றைச் சொன்னால்தான் எனக்கு ஆறும்.

1986 ஓகஸ்ட்டில் அவர் குடியிருந்த நெய்ரூஸ் கிராமத்தில் இடி விழுந்து ஒரு பண்ணைவீடு எரிந்தது. எரிந்த இடத்துக்குப் போய், கருகிய உத்தரங்கள், உருகி வளைந்த பண்ணைக் கருவிகள், வீட்டுச் சாமான்கள், மிருக எலும்புகள் எல்லாவற்றையும் எடுத்து வந்தார். அதில் சோளம் அறுவடை செய்கிற இயந்திரம் ஒன்று இருந்தது. அதில் பொறித்திருந்த கம்பெனிப் பெயர் மெங்கெலே. நாசி வதைமுகாமில் மனிதர்கள் மேல் பரிசோதனை செய்த அந்த வைத்தியரின் குடும்பக் கம்பெனிதான் அது. டிங்கெலி அந்தப் பெயரை மறைக்கவில்லை. அதை நடுவில் பீடம் மாதிரி நிறுத்தி, சுற்றிவர மற்ற இயந்திரங்களை வைத்து, முழுவதற்கும் மரண நடனம் என்று பேர் வைத்தார். மியூசியத்தில் இருட்டறை ஒன்றில் இருக்கிறது. மெல்லத்தான் அசையும். மண்டையோடு ஒன்று வாயைத் திறந்து மூடும், காய்ந்த மூட்டு ஒன்று கிரீச்சென்று இழுபடும், சுவரில் நிழல் அவற்றை விடப் பெரிதாக ஆடும். எண்ணெய் போட்டால் நின்றுவிடுகிற அந்தச் சத்தத்தை அவர் வேண்டுமென்றே விட்டிருக்கிறார். ஒரு பொருள் எங்கே கிடந்தது, என்ன பட்டது என்பதையும் சேர்த்து எடுத்து வந்தால்தான் அது இப்படி நிற்கும். மதுமிதா சொன்ன முத்திரை விஷயத்துக்கும் இதுதான் என்னுடைய ஆதாரம்.

இன்னொன்று, நாங்களும் இல்லாத ஊரிலிருந்து வந்தவர்கள்தான். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரி இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வருகிற கரண்டில் ரேடியோவில் செய்தி கேட்போம். சுற்றுகிற ஆள் களைத்தால் குரல் தேய்ந்துகொண்டு போகும், மற்றவர் மாற வேண்டும். நான் பாசலில் டிங்கெலியின் சக்கரங்களைப் பார்க்கும்போது எனக்கு ஞாபகம் வருவது அதுதான்.

பல்சக்கரம்

நிலாந்தன், அந்தத் தலைகீழ் சைக்கிள்தான் டீச்சருக்கு விடை! மோட்டாரும் வேண்டாம்.

டீச்சர், ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சட்டத்தில் கட்டுங்கள். பின்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். ஃப்ரீவீல் பிடித்து, செயின் ஓடி, கிராங்க் சுற்றும். சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றினால் கிராங்க் ஒரு சுற்று. தேவையான வேகக் குறைப்பு அதிலேயே இருக்கிறது. சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றினால் டிக் டிக் சத்தம் மட்டும்தான், தோகைக்கு ஒன்றும் ஆகாது. எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் வேகமாகச் சுற்றினாலும் உடைவது பாதியாகக் குறையும். ரிம்மைச் சுற்றி டயருக்குப் பதில் கட்டுக்கம்பியை இறுக்கமாகச் சுற்றினால் சக்கரம் கனத்து, தோகை விரிகிற கடினமான இடத்தைத் தன் வேகத்திலேயே தாண்டிவிடும். ஆனால் செயின் கவரை மட்டும் கழற்றாதீர்கள். செயினுக்கும் பல்லுக்கும் நடுவில் விரல் போனால் போனதுதான். கம்பிகளுக்குள் கை போகாதபடி சக்கரத்தின் இரண்டு பக்கமும் தகடு அடித்துவிடுங்கள்.

பெரிய ஆட்களின் வேலையைப் பார்க்க வெளிநாடு போக வேண்டாம். உங்கள் பக்கத்துக் கோயிலில், தீபாராதனை நேரத்தில் சுவிட்ச் போட்டால் தானாக அடிக்கிற மேள இயந்திரம் இருக்கிறதா பாருங்கள். பூசை முடிந்ததும் பிள்ளைகளை அதன் பக்கத்தில் நிறுத்துங்கள். ஒரே மோட்டார், ஒரு பெல்ட், ஒரு தண்டு. தண்டின் துருத்தல்கள் ஒவ்வொரு கோலையும் தூக்கித் தூக்கி விடும். துருத்தல் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதில்தான் தாளமே இருக்கிறது. மணியை ஆட்டுவது அதே தண்டிலிருந்து வரும் கிராங்க். சுழற்சியிலிருந்து என்னென்ன அசைவு எடுக்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. டிங்கெலியின் இசை இயந்திரங்களைப் பற்றிப் படித்தபோது முதலில் நினைவுக்கு வந்ததும் அதுதான்.

சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அரவிந்த் குப்தாவின் வேலைகளைக் காட்டுங்கள். கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு, குப்பையிலிருந்து பொம்மை செய்வதையே அறிவியல் பாடமாக்கியவர். 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, தீக்குச்சிகளை அதில் செருகி அவர் செய்கிற மூட்டு இருக்கிறதே, அதிலேயே உங்கள் குடையின் கம்பி அமைப்பை மேசை மேல் செய்து பார்த்துவிடலாம். இரும்பைத் தொடுவதற்கு முன் அந்தச் சின்ன மாதிரி ஓடட்டும்.

ரவி (கிரில் பட்டறை, திண்டுக்கல்)

அண்ணன்மார் எல்லாம் நல்லா சொல்லிட்டீங்க, ஆனா ஆபத்தை யாரும் பெரிசா சொல்லல. பட்டறைக்காரன் சொல்றேன், கேட்டுக்கோங்க டீச்சர்.

ஜிஐ தகடு, ஜிஐ பைப் மேல பூசியிருக்கிறது துத்தநாகம். அதை அப்படியே பற்றவச்சா வர்ற வெள்ளைப் புகையை இழுத்தா சாயங்காலம் குளிர் காய்ச்சல் வரும். பற்றவைக்கிற இடத்துல பூச்சை அரைச்சு எடுத்துட்டு, வெளிக்காத்துல வச்சுச் செய்யச் சொல்லுங்க. பளபளன்னு குரோம் பூசின ஹேண்டில்பாரையும் வெல்டிங் பண்ண வேண்டாம், போல்ட் போதும். முடிஞ்சவரைக்கும் எல்லாத்தையும் போல்ட்டுலயே செய்ங்க, பிள்ளைங்க கழற்றி மாட்டிக் கத்துக்குவாங்க. பற்றவைக்க வேண்டியது சட்டம் மட்டும்தான், அதைப் பட்டறையிலயே முடிச்சு வாங்கிக்கோங்க.

யாராவது பழைய மைக்ரோவேவ் குடுத்தா பள்ளிக்கூடத்துல திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்ல ஆளைக் கொல்ற கரண்ட் நிக்கும். பழைய டிவியோட பிக்சர் டியூபும் அப்படித்தான், அதோட உடைஞ்சா கண்ணாடி தெறிக்கும். பழைய பிரேக் ஷூவை அரைக்கக் கூடாது, பழசுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும்.

குடைக்கம்பி நுனி பிள்ளைங்க கண்ணு உயரத்துல வரக் கூடாது. தோகை விரியறப்ப எவ்வளவு தூரம் வருதுன்னு சாக்பீஸ்ல தரையில கோடு போட்டு, அதுக்கு வெளியே ஒரு கம்பி வேலி. ஒவ்வொரு நுனியிலயும் சிடியை மாட்டினா கூர் மறைஞ்சிடும்.

செல்வி (ராஜபாளையம்)

உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அச்சிட்டு, சுவரில் ஒட்டி, பிள்ளைகளோடு படித்தோம். கரிசல்காற்று அவர்களே, உங்கள் காற்றாடிக்குத் தனியாக ஒரு குழு பிரிந்துவிட்டது. சீலிங் ஃபேன் இறக்கையோடு மாடிப்படிப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மயிலுக்குச் சட்டம் பட்டறையில் செய்தாயிற்று. சைக்கிள் தலைகீழாக நிற்கிறது. சக்கரத்தைச் சுற்றினால் கிராங்க் அழகாக மெதுவாக வருகிறது. குடையில் எட்டு கம்பியும் இருந்தபோது தள்ளி வழுக்கிக்கொண்டு ஓடியது. கீழ்க் கம்பி மூன்றையும் கழற்றினோம், அதிலிருந்து பாதி விரியும்போது தள்ளி தண்டில் கடித்துக்கொண்டு நிற்கிறது. தையல் மிஷின் எண்ணெய் விட்டோம், கிரீஸ் தடவினோம், மாற்றமில்லை. கையால் தள்ளியைக் கொஞ்சம் நேராக்கினால் மறுபடி போகிறது. ஏன் இப்படி? கம்பிகளைத் திரும்ப மாட்டிவிடலாமா? முழு வட்டமாக விரிந்தால் அது மயிலாகத் தெரியவில்லை, சூரியகாந்தியாகிவிடுகிறது.

பல்சக்கரம்

எண்ணெயால் தீராது டீச்சர். எட்டு கம்பி இருந்தபோது எல்லாப் பக்கமும் சமமாக இழுத்தது, தள்ளி நேராக நின்றது. இப்போது ஐந்தும் ஒரே பக்கம் இழுக்கிறது, தள்ளி சாய்ந்து, அதன் உள்விளிம்பு தண்டில் குத்திப் பிடித்துக்கொள்கிறது. அழுத்த அழுத்த இன்னும் இறுகும். மேசை இழுப்பறையை ஒரு மூலையில் மட்டும் பிடித்து இழுத்தால் சிக்கிக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

மூன்று காரியம் செய்யுங்கள். தள்ளியின் வழிகாட்டும் நீளத்தைக் கூட்டுங்கள். அதன் பின்பக்கம் தண்டின் மேல் ஓடுகிற மாதிரி நீளமான புஷ், அதாவது குழாய் மாதிரி ஒரு துண்டு, சேர்த்தால் சாய இடமிருக்காது. இரண்டாவது, கிராங்கிலிருந்து வரும் இணைப்புத் தண்டைத் தள்ளியின் மேல் பக்கத்தில், அதாவது கம்பிகள் இருக்கிற பக்கத்தில் இணையுங்கள். எங்கே பளுவோ அங்கே தள்ள வேண்டும். மூன்றாவது, கழற்றிய கீழ்க் கம்பிகளில் இரண்டைக் குட்டையாக வெட்டி மறுபடி மாட்டுங்கள். அவை மயிலின் காலாகவோ கீழ் இறகாகவோ இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் கீழ்ப்பக்கமும் கொஞ்சம் இழுக்கும்.

அப்புறம், குடைத் தண்டின் மேலும் கீழும் பூட்டு ஸ்பிரிங் இருக்குமே, அந்த இரண்டையும் எடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் முழுதாக விரிந்ததும் பூட்டிக்கொண்டு நின்றுவிடும். கிராங்க் அதையும் தாண்டி இழுக்கப் பார்த்தால் கம்பி வளையும்.

மதுமிதா

பாதி விரிந்து ஒரு கணம் திணறி மறுபடி விரிவதும் மயிலின் குணம்தான், அதை முழுக்கப் போக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நிஜ மயிலும் ஒரே சீராக விரிக்காது, விரித்துவிட்டு ஒரு சிலிர்ப்பு சிலிர்க்கும். சிடிகளை இறுக்கிக் கட்டாமல் ஒற்றைக் கம்பி வளையத்தில் தொங்கவிட்டால் அந்தச் சிலிர்ப்பு இலவசமாகக் கிடைக்கும். சத்தமும் வரும்.

கோவை லேத்

புஷ்ஷுக்கு என் பங்கு. குடைத் தண்டின் வெளிவிட்டத்தை வெர்னியர் அளவுகோலில் மூன்று இடத்தில் அளந்து, பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். பித்தளையில் புஷ், நீளம் 6 சென்டிமீட்டர், உள்விட்டம் தண்டைவிடக் கால் மில்லிமீட்டர் கூடுதல். அதைவிட இறுக்கமாக வைத்தால் தூசி ஏறியதும் பிடிக்கும், தளர்வாக வைத்தால் பழைய கதைதான். உள்விளிம்பு இரண்டையும் லேசாகச் சரித்து எடுக்கச் சொல்லுங்கள், கடிக்காது. உங்கள் ஊரில் மில் வேலை பார்க்கிற லேத்துக்காரர்கள் இருப்பார்கள், அரை மணி நேர வேலை. கிடைக்கவில்லை என்றால் அளவை இங்கே போடுங்கள், நான் கடைந்து பார்சலில் அனுப்புகிறேன்.

எண்ணெய் விஷயம் ஒன்று. பித்தளை புஷ் மேல் கிரீஸ் வேண்டாம், வாசல் தூசி முழுக்க ஒட்டிக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு நாள் துணியால் துடைத்து, மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. எந்த வகுப்பு எந்த வாரம் என்று போர்டில் எழுதிவிடுங்கள்.

செல்வி (ராஜபாளையம்)

பூட்டு ஸ்பிரிங் கீழே உள்ளதை மட்டும்தான் எடுத்திருக்கிறோம். மேலே உள்ளது அப்படியே இருக்கிறது, நாளை எடுத்துவிடுகிறோம். தண்டை இப்போதுதான் அளந்தார்கள்: 10 மில்லிமீட்டர், ஒரு இடத்தில் 10.1. புஷ்ஷை 10.35-க்குக் கடையச் சொல்லிவிடட்டுமா, அண்ணா?

கோவை லேத்

சரிதான் டீச்சர். சொல்லிவிடுங்கள்.